ஆறு கடக்கும் வரைதானா? ஐரோப்பிய ஒன்றியத் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐரோப்பிய ஆணையத் தலைவர் அவர்களுக்கும், விரிவாக்க ஆணையர் அவர்களுக்கும், உறுப்பு நாடுகளின் அரசுத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

ஜேர்மனியின் வடகோடியில், டென்மார்க் எல்லையை ஒட்டிய ஃப்ளென்ஸ்பூர்க் நகரில் வாழும் ஒரு தமிழன் இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். இப்போது ஜேர்மன் குடிமகன். 2024 ஜூன் மாதம் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குச்சாவடிக்குப் போய் வரிசையில் நின்று வாக்களித்தவன். அந்த உரிமையில்தான் உங்களுக்கு எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம், இதே உரிமை பெற்ற என் மக்கள் பாரிஸிலும் டோர்ட்முண்டிலும் கோபன்ஹேகனிலும் இருக்கிறார்கள். அவர்களும் இதைப் படித்துத் தங்கள் தொகுதி உறுப்பினர்களிடம் கேள்வி கேட்க வேண்டும் என்பதே.

எங்களுக்காக எதையும் கேட்டு இந்த மடலை எழுதவில்லை. நாங்கள் இங்கே குடியேறி வந்தவர்கள். ஜேர்மனி தேசியச் சிறுபான்மையினர் என்று ஏற்றுக்கொண்டிருப்பது நான்கு இனங்களை: டேனிஷ் மக்கள், சோர்பியர், ஃபிரீசியர், முன்பு "ஜிப்சிகள்" என்று அழைக்கப்பட்ட சின்தி–ரோமா மக்கள். இவர்கள் வந்தேறிகள் அல்லர். எல்லைக்கோடுதான் இவர்கள் தலைக்கு மேலே வந்து விழுந்தது. ஐரோப்பா முழுவதும் அப்படி எல்லைக்கோட்டின் தவறான பக்கத்தில் விடப்பட்டவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன். உக்ரைன், மால்டோவா, மொண்டெனேக்ரோ, அல்பேனியா, சேர்பியா, வட மக்கெடோனியா, பொஸ்னியா என்று ஒன்றியத்தின் வாசலில் நிற்கும் நாடுகளில் அப்படிப்பட்ட மக்கள் நிறைய இருக்கிறார்கள். அந்நாடுகளை நீங்கள் உள்ளே அழைக்க வேண்டும் என்பதே என் விருப்பமும். எப்படி அழைக்கப்போகிறீர்கள் என்பதில்தான் எனக்குக் கவலை.

1993 ஜூனில் கோபன்ஹேகனில் கூடிய உங்கள் முன்னோர் ஒரு நல்ல வாக்கியத்தை எழுதினார்கள். ஒன்றியத்தில் சேர விரும்பும் நாட்டில் ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, மனித உரிமைகள் ஆகியவற்றோடு சிறுபான்மையினரை மதித்தலும் பாதுகாத்தலும் உறுதியாக இருக்க வேண்டும் என்றார்கள். யூகோஸ்லாவியா எரிந்துகொண்டிருந்த காலம் அது. சாராயேவோ முற்றுகையில் கிடந்தது. அந்த வாக்கியம் அச்சத்தில் பிறந்தது என்றாலும் நேர்மையாகப் பிறந்தது. ஆனால் நான்கு ஆண்டுகள் கழித்து ஆம்ஸ்டர்டாம் ஒப்பந்தத்தில் மற்ற மூன்றையும் ஒன்றியத்தின் அடிப்படை நெறிகளாக எழுதிச் சேர்த்தபோது, சிறுபான்மையினர் பற்றிய பகுதி மட்டும் விடுபட்டுப்போனது. வருகிறவனிடம் கேட்பதற்கு அது நிபந்தனை. ஏற்கெனவே உள்ளே இருக்கிறவன் கட்டுப்பட வேண்டிய நெறி அல்ல. 2009இல் லிஸ்பன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும்வரை இந்த நிலை நீடித்தது. 2004 மே 1ஆம் தேதி பத்து நாடுகள் ஒரே நாளில் உள்ளே வந்ததும், 2007இல் பல்கேரியாவும் ருமேனியாவும் வந்ததும் இந்த இடைவெளிக்குள்தான்.

எங்கள் ஊரில் ஒரு பழமொழி உண்டு. ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி. கடந்த பிறகு நீ யார், நான் யார்? இந்த முப்பது ஆண்டு வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

ஸ்லோவேனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1992 பெப்ரவரி 26ஆம் தேதி, புதிதாகச் சுதந்திரம் பெற்றிருந்த அந்நாடு, நிரந்தர வசிப்பாளர் பதிவேட்டிலிருந்து 25,671 பேரின் பெயர்களை நீக்கியது. பழைய யூகோஸ்லாவியாவின் பிற குடியரசுகளைச் சேர்ந்தவர்கள் அவர்கள். பலர் ஸ்லோவேனியாவிலேயே பிறந்தவர்கள், அங்கேயே வேலை பார்த்தவர்கள், அங்கேயே பிள்ளை பெற்றவர்கள். குடியுரிமைக்கு விண்ணப்பிக்க ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். அதற்குள் விண்ணப்பிக்காதவர்களும், விண்ணப்பம் ஏற்கப்படாதவர்களும் பதிவேட்டிலிருந்து அழிக்கப்பட்டார்கள். கடிதம் வரவில்லை. அறிவிப்பு இல்லை. ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கவோ வேறொரு சான்றிதழ் வாங்கவோ அரசு அலுவலகத்துக்குப் போனவர்களின் அடையாள அட்டையை வாங்கித் துளையிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த நொடியில்தான் தாங்கள் இல்லாமல் போய்விட்டதை அவர்கள் அறிந்தார்கள். வேலை போயிற்று, மருத்துவக் காப்பீடு போயிற்று, சிலர் நாட்டைவிட்டே அனுப்பப்பட்டார்கள். "அழிக்கப்பட்டவர்கள்" என்பதே அவர்களின் பெயராகிவிட்டது.

அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றமே 1999இலும் 2003இலும் இது தவறு என்று சொன்னது. 2004 ஏப்ரல் 4ஆம் தேதி, ஒன்றியத்தில் இணைவதற்கு இருபத்தேழு நாட்களுக்கு முன்னால், அவர்களில் ஒரு பகுதியினருக்கு உரிமையைத் திருப்பித் தரும் சட்டம் பொதுவாக்கெடுப்புக்கு விடப்பட்டது. வாக்களித்தவர்களில் 94 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் வேண்டாம் என்றார்கள். இருபத்தேழு நாட்கள் கழித்து வாணவேடிக்கைகளோடு ஸ்லோவேனியாவை வரவேற்றீர்கள். ஸ்ட்ராஸ்பூர்க்கிலுள்ள மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு அவர்களுக்குச் சார்பாக இறுதித் தீர்ப்புச் சொன்னது 2012இல். ஸ்லோவேனியக் குடியரசுத் தலைவர் மன்னிப்புக் கேட்டது 2022இல். முப்பது ஆண்டுகள்! அந்தப் பதிவேட்டில் பெயர் இருந்த எத்தனையோ பேர் அதற்குள் இறந்தே போயிருப்பார்கள்.

இந்தக் கதையை என்னால் பதற்றமில்லாமல் படிக்க முடியவில்லை. ஏனென்று சொல்கிறேன். இலங்கை 1948இல் பிரித்தானியரிடமிருந்து விடுபட்டபோது, சோல்பரி அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. எந்த ஓர் இனத்தவர்க்கும் மற்றவர்களுக்கு இல்லாத தடையை விதிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக்கூடாது என்றது அது. கதவைத் திறந்துவிட்டவர்கள் அந்த ஒரு பிரிவை எழுதிவிட்டு மனநிறைவோடு கப்பலேறினார்கள். அதே ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த மலையகத் தமிழர்கள் இலட்சக்கணக்கில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி ஆனது. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தபோது 29ஆம் பிரிவே இல்லாமல் போனது. காவலுக்கு யாரையும் வைக்காமல் எழுதிவைக்கப்பட்ட உரிமையின் கதி இது. அதற்குப் பிறகு நடந்தவற்றை இங்கே எழுதப்போவதில்லை. நான் ஃப்ளென்ஸ்பூர்க்கில் இருப்பதே அதன் விளைவுதான்.

லாத்வியா இன்னும் சிக்கலானது. அதை எளிதாக்கிப் பேச நான் விரும்பவில்லை. 1940இல் சோவியத் ஒன்றியம் அந்நாட்டை விழுங்கியது. 1941இலும் 1949இலும் மக்களைக் கூட்டங்கூட்டமாகச் சைபீரியாவுக்கு அனுப்பியது. வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றியது. 1989இல் லாத்வியர்கள் தங்கள் சொந்த நாட்டிலேயே ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தார்கள். தங்கள் மொழி அழிந்துவிடுமோ என்று அவர்கள் அஞ்சியது நியாயம். அந்த அச்சம் தமிழனுக்குப் புரியாமல் இருக்காது. ஆனால் விடுதலைக்குப் பிறகு, 1940க்கு முந்தைய குடிமக்களுக்கும் அவர்களின் வழிவந்தவர்களுக்கும் மட்டுமே குடியுரிமை என்று வகுத்தபோது ஏழு இலட்சத்துக்கும் அதிகமானோர் "குடிமக்கள் அல்லாதோர்" என்ற தனி வகைக்குள் தள்ளப்பட்டார்கள். வேற்று நாட்டவரும் அல்லர், உள்நாட்டவரும் அல்லர்.

இங்கே உங்கள் நிபந்தனை வேலை செய்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பியப் பாதுகாப்பு, ஒத்துழைப்பு அமைப்பின் தேசியச் சிறுபான்மையினர் ஆணையராக இருந்த மாக்ஸ் வான் டெர் ஸ்டூல் மீண்டும் மீண்டும் லாத்வியத் தலைநகர் ரீகாவுக்குப் போய்ப் பேசினார். வயது வாரியாகச் சிறு சிறு பிரிவினரை மட்டும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க விடும் முறை 1998இல் பொதுவாக்கெடுப்பின் மூலம் நீக்கப்பட்டது. ஒன்றியத்தில் இடம் வேண்டும் என்ற ஆசைதான் அந்த வாக்கெடுப்பின் பின்னால் நின்ற பெரிய விசை. ஆற்றின் இக்கரையில் நிற்கும்போது கேட்கிறார்கள்! அக்கரை சேர்ந்தபோது நிலைமை என்ன? 2004 மே 1 அன்று லாத்வியாவில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் குடிமகன் அல்லாதவராகவே இருந்தார். அடுத்த மாதம் நடந்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் அவர்களுக்கு வாக்கு இல்லை. ஒன்றியத்தின் மண்ணில் வாழ்ந்தும் ஒன்றியத்தின் குடிமக்கள் ஆகவில்லை. அங்கே பிறக்கும் குழந்தைக்கும் அந்த நிலை தொடராமல் தானாகவே குடியுரிமை கிடைக்கச் செய்யும் சட்டம் 2020 ஜனவரி 1ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. இன்றும் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் முதியவர்கள், அந்தச் சாம்பல் நிற நிலையிலேயே வாழ்கிறார்கள்.

செக் குடியரசின் ஒஸ்ட்ராவா நகரத்து ரோமா பிள்ளைகள் பதினெட்டுப் பேரின் வழக்கை உங்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. மூளை வளர்ச்சி குறைந்தோருக்கான சிறப்புப் பள்ளிகளுக்கு அவர்கள் அனுப்பப்பட்டார்கள். அந்நகரில் ஒரு ரோமா பிள்ளை அப்படி அனுப்பப்படுவதற்கான வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட 27 மடங்கு அதிகம் என்ற கணக்கு நீதிமன்றத்தில் வைக்கப்பட்டது. வழக்கு 2000இல் தொடங்கியது. நாடு 2004இல் உள்ளே வந்தது. தீர்ப்பு 2007 நவம்பரில் வந்தது. தீர்ப்பு வந்தபோது அந்தப் பிள்ளைகள் பள்ளி வயதையே தாண்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்லோவாக்கியாவில் ரோமா பிள்ளைகளைப் பள்ளியில் பிரித்துவைப்பதற்கு எதிராக 2015இல் நடவடிக்கை தொடங்கிய நீங்கள், அதை ஒன்றியத்தின் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது 2023இல். எட்டு ஆண்டுகள் என்பது ஒரு பிள்ளையின் முழுப் பள்ளிப் படிப்பு அல்லவா?

குரோவேஷியாவில் வூகோவார் என்றொரு நகரம். 1991இல் 87 நாள் முற்றுகைக்குப் பிறகு தரைமட்டமான ஊர். அந்த ஊர்க் குரோவேஷியர்களின் நெஞ்சில் உள்ள காயத்தை யாரும் சிறிதாக்க முடியாது. ஆனால் ஒன்றியத்தை நோக்கி நடந்த காலத்தில், 2002இல், குரோவேஷியா ஒரு சட்டம் செய்தது. ஓர் ஊரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு சிறுபான்மையினர் இருந்தால் அங்கே அவர்களின் மொழிக்கும் எழுத்துக்கும் சம உரிமை. 2011 கணக்கெடுப்பில் வூகோவாரில் சேர்பியர் 34.87 விழுக்காடு. 2013 ஜூலை 1 அன்று நாடு ஒன்றியத்தில் சேர்ந்தது. செப்டம்பரில் அரசு அலுவலகச் சுவர்களில் சிரிலிக் எழுத்தோடு இருமொழிப் பலகைகள் ஏறின. அன்றே சுத்தியல்களோடு வந்து உடைத்தார்கள். பின்னர் நகரசபை தன் விதிகளையே மாற்றப் பார்த்தது. ஒன்றியத்திடமிருந்து என்ன வந்தது? கடந்துபோன தேர்வின் வினாத்தாளை யார் திரும்பப் பார்க்கிறார்கள்?

இவையெல்லாம் புதிதாக வந்தவர்களின் குறைகள் என்று நினைத்துவிட வேண்டாம். கிரீஸ் 1981 முதல் உள்ளே இருக்கிறது. 1923ஆம் ஆண்டு லொசான் உடன்படிக்கையின்படி மேற்குத் திரேஸின் முஸ்லிம்களை மட்டுமே அது சிறுபான்மையினராக ஏற்கிறது. அவர்கள் தங்களைத் துருக்கியர் என்று அழைத்துக்கொள்வதை ஏற்பதில்லை. 1927இல் தொடங்கிய க்ஸாந்தி துருக்கியச் சங்கத்தை, அதன் பெயரில் "துருக்கிய" என்ற சொல் இருந்ததற்காகவே கலைத்தார்கள். அது தவறு என்று ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. ஒன்றியத்திலிருந்து வேறான ஐரோப்பிய கவுன்சில் என்ற அமைப்பின் தேசியச் சிறுபான்மையினர் பாதுகாப்பு உடன்படிக்கை 1998இலிருந்து நடைமுறையில் உள்ளது. கிரீஸ் கையெழுத்திட்டு இன்றுவரை உறுதிசெய்யவில்லை. பெல்ஜியமும் அப்படித்தான். பிரான்ஸ் கையெழுத்தே இடவில்லை. வாசலில் நிற்கிறவனிடம் இதே உடன்படிக்கையைக் காட்டி "இதைப் பின்பற்றினாயா?" என்று கேட்கிறீர்கள். அவன் திரும்பிக் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

வட மக்கெடோனியா உண்மையிலேயே திரும்பிக் கேட்கிறது. 2005 முதல் விண்ணப்ப நாடாக நிற்கும் அது, கிரீஸுக்காகத் தன் பெயரையே மாற்றிக்கொண்டது. 2020இல் பல்கேரியா தடுத்தது. 2022இல் உருவான ஏற்பாட்டின்படி, பல்கேரியரை அது தன் அரசியலமைப்பில் எழுதிச் சேர்த்தால்தான் அடுத்த படி. 2021 கணக்கெடுப்பில் அங்கே பல்கேரியர் 3,504 பேர். மூவாயிரம் பேர் என்றாலும் அவர்களுக்கு உரிமை வேண்டும். மூன்று பேர் என்றாலும் வேண்டும். எண்ணிக்கையை வைத்து நான் வாதாடவில்லை. ஆனால் அதே பல்கேரியா தன் மண்ணில் மக்கெடோனியர் என்று தங்களைச் சொல்லிக்கொள்வோரின் சங்கங்களைப் பதிவுசெய்ய மறுத்ததற்காக ஸ்ட்ராஸ்பூர்க்கில் மீண்டும் மீண்டும் தோற்றிருக்கிறது. மக்கெடோனியச் சிறுபான்மை என்று ஒன்று தன்னிடம் இருப்பதாகவே அது ஏற்பதில்லை. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கும் ஒரு மக்கெடோனிய இளைஞன், சிறுபான்மை உரிமை என்பது வலியவன் எளியவன்மேல் வீசும் கல் என்றுதான் புரிந்துகொள்வான். அந்தப் புரிதல் அவனுடைய ஊரிலுள்ள பல்கேரியர்களுக்கே முதலில் கேடாக முடியும்.

உக்ரைனில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. 2017இல் வந்த கல்விச் சட்டம் சிறுபான்மை மொழிப் பள்ளிகளைச் சுருக்கியது; ஐரோப்பிய கவுன்சிலின் சட்ட ஆலோசனை அமைப்பான வெனிஸ் ஆணைக்குழு அதைக் குறைகூறியது; 2022 ஜூனில் விண்ணப்ப நாடாக ஏற்கப்பட்ட பின் ஒன்றியம் கேட்டதற்கிணங்க 2022 டிசம்பரிலும் 2023இலும் சட்டங்கள் இயற்றவும் திருத்தவும் பட்டன. குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும் நாடு இதைச் செய்தது என்பதற்காக நான் தலைவணங்குகிறேன். ரஷ்ய மொழி பேசுவோரைக் காக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு படையெடுத்தவனின் முன்னால், மொழியுரிமை என்ற சொல்லையே ஐயத்தோடு பார்க்கும் மனநிலை அங்கே உருவானதில் வியப்பில்லை. ஆனால் விளைந்த சட்டத்தைப் பாருங்கள். ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளைப் பேசும் சிறுபான்மையினருக்கு, அதாவது பெரெஹோவே பக்கத்து ஹங்கேரியருக்கும் செர்னிவ்ட்ஸி பக்கத்து ருமேனியருக்கும், பள்ளியில் தாய்மொழி உரிமை கூடுதல். ரோமா பிள்ளைக்கும் ஒடெஸா மாகாணத்தில் வாழும் ககாவுஸ் என்ற சிறிய இனத்துப் பிள்ளைக்கும் அதே அளவு இல்லை. ஹங்கேரியப் பிள்ளைக்குப் பேச உங்கள் மேசையில் ஒரு பிரதமர் இருக்கிறார். ககாவுஸ் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

இதுதான் என் மடலின் மையம். உள்ளே ஓர் அண்ணன் இருக்கிறவனுக்கு உரிமை வந்துசேர்கிறது. சில சமயம் அந்த அண்ணனின் சொந்தக் கணக்குகளுக்காக மிரட்டலாகவும் வந்துசேர்கிறது. அண்ணன் இல்லாதவனுக்கு எதுவும் வருவதில்லை. ரோமா மக்கள் ஐரோப்பா முழுவதும் ஒரு கோடிப்பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நாடு இல்லை. கிரைமியத் தாத்தார்கள் 1944 மே மாதம் ஒரு முழு இனமாக ரயிலில் ஏற்றி நாடுகடத்தப்பட்டார்கள். திரும்பி வந்தவர்களின் பேரவையான மெஜ்லிஸை 2016இல் ரஷ்யா தடைசெய்தது. உக்ரைனைத் தவிர அவர்களுக்கு வேறு நாடு இல்லை. மால்டோவாவின் ககாவுஸ் மக்கள் துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மொழி பேசும் கிறிஸ்தவர்கள்; பள்ளியில் பெரும்பாலும் ரஷ்ய மொழியில் படிக்கிறார்கள்; சொந்த மொழி தேய்ந்துகொண்டிருக்கிறது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குத் தன்னாட்சி தந்தது. மால்டோவா சுதந்திர நாடு என்ற நிலை மாறினால் தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே முடிவுசெய்யலாம் என்றும் சொன்னது. 2024 அக்டோபர் பொதுவாக்கெடுப்பில் மால்டோவா நூலிழையில் ஒன்றியத்துக்கு ஆம் என்றது. ககாவுசியாவில் இருபதில் பத்தொன்பது பேர் வேண்டாம் என்றார்கள். மாஸ்கோவின் பணமும் பொய்யும் அங்கே புகுந்தன என்பது உண்மைதான். அவை ஏன் அங்கே அவ்வளவு எளிதாக வேர்பிடித்தன என்று கேட்டீர்களா? ககாவுசியத் தலைநகரான கொம்ராட்டில் வாழும் ஒரு பாட்டியிடம் ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு உன் தன்னாட்சிக்கு இதோ உறுதி என்று காட்ட உங்கள் கையில் ஒரு தாளாவது இருந்ததா?

பொஸ்னியாவில் டெர்வோ செய்திச், யாக்கோப் ஃபின்சி என்ற இருவர். ஒருவர் ரோமா, மற்றவர் யூதர். 1995இல் பொஸ்னியப் போரை முடித்த டேய்ட்டன் உடன்படிக்கை தந்த அரசியலமைப்பின்படி பொஸ்னியாக், குரோட், சேர்ப் அல்லாதவர் நாட்டின் தலைமைப் பதவிக்குப் போட்டியிடவே முடியாது. ஃபின்சி தன் நாட்டின் தூதராக சுவிட்சர்லாந்தில் இருக்க முடிந்தது. தலைவராக வேட்புமனு போட முடியாது. 2009 டிசம்பர் 22இல் ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றத்தில் அவர்கள் வென்றார்கள். தீர்ப்பு இன்னும் நிறைவேற்றப்படவில்லை. 2024 மார்ச்சில் அந்நாட்டோடு பேச்சுவார்த்தை தொடங்க முடிவெடுத்தீர்கள். இந்தத் தீர்ப்பு நிறைவேறாமல் பொஸ்னியா உள்ளே வந்துவிடக்கூடாது. வந்துவிட்டால் அது ஒருநாளும் நிறைவேறாது என்பதை மேலே சொன்ன எல்லா ஊர்களும் காட்டுகின்றன.

வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்குச் சான்று தேடி நான் எங்கும் போக வேண்டியதில்லை. என் வீட்டுக்கு வெளியே வந்தால் போதும். எங்கள் ஊர்ப் பெயர்ப்பலகையில் ஃப்ளென்ஸ்பூர்க் என்ற பெயரோடு அதன் டேனிஷ் வடிவமும் எழுதியிருக்கிறது. என் தெருவில் டேனிஷ் மழலையர் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் காலையில் வரிசையாக நடந்து போவார்கள். டேனிஷ் நூலகத்தில் என் மகளும் உறுப்பினர். இந்த அமைதி தானாக வந்ததல்ல. மேற்கு ஜேர்மனி நேட்டோவில் சேரப்போன நேரத்தில், ஏற்கெனவே உறுப்பினராயிருந்த டென்மார்க் இந்தச் சிறுபான்மையினரின் கதியை அங்கே எழுப்பியது. 1954 தேர்தலில் ஐந்து விழுக்காட்டுத் தடையால் டேனிஷ் மக்களின் கட்சிக்கு மாநில அவையில் ஓர் இடமும் கிடைக்காமல் போயிருந்தது. 1955 மார்ச் இறுதியில் பான் நகரத்திலும் கோபன்ஹேகனிலும் இரு அரசுகளும் ஆளுக்கோர் அறிவிப்பு வெளியிட்டன: ஒருவர் தன்னை எந்த இனத்தவர் என்று சொல்லிக்கொள்வது அவரது உரிமை, எந்த அதிகாரியும் அதைச் சோதிக்கக்கூடாது. அந்தக் கட்சிக்கு ஐந்து விழுக்காட்டுத் தடை விலக்கப்பட்டது. 2021 முதல் ஜேர்மனியின் கூட்டாட்சி நாடாளுமன்றத்திலும் அதற்கு ஓர் உறுப்பினர் இருக்கிறார். ஓர் அமைப்பில் புதிய உறுப்பினர் சேரும் தருணத்தில், மிரட்டாமல், தடுக்காமல், மனிதர்களின் உரிமையை எழுப்பினால் எழுபது ஆண்டு அமைதி கிடைக்கும் என்பதற்கு நான் வாழும் ஊரே சாட்சி.

ஆனால் இதிலும் ஒரு குறை உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. டேனிஷ் மக்களுக்கு டென்மார்க் இருந்தது. எல்லைக்கு அப்பால் ஜேர்மன் சிறுபான்மையினரும் இருந்தார்கள். இருபக்கமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ரோமாவுக்கும் ககாவுசுக்கும் அப்படிப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. ஆகவே அவர்களுக்கு அறிவிப்புப் போதாது; ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

அதையும் நீங்கள் முன்பே செய்திருக்கிறீர்கள்! 1995 ஜனவரி 1இல் பின்லாந்து இணைந்தபோது, இணைவு ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பு நெறிமுறை ஓலண்ட் தீவுகளைப் பற்றியது. சுவீடிஷ் பேசும் சுமார் முப்பதாயிரம் பேர் வாழும் தீவுகள் அவை. வெளியார் அங்கே நிலம் வாங்குவதற்கும் தொழில் தொடங்குவதற்கும் உள்ள கட்டுப்பாடுகள், ஒன்றியத்தின் சுதந்திரச் சந்தை விதிகளையே மீறி, அந்த நெறிமுறையால் காக்கப்பட்டன. ஓலண்ட் மக்கள் தனியாக வாக்களித்துத்தான் உள்ளே வந்தார்கள். அதற்கு அடுத்த மூன்றாம் நெறிமுறை வட ஐரோப்பாவின் பூர்வகுடிகளான சாமி என்ற இனத்தவரைப் பற்றியது; அவர்களின் பாரம்பரிய வாழிடங்களில் கலைமான் வளர்ப்பை அவர்களுக்கே உரியதாக வைத்துக்கொள்ள அது வழிசெய்தது. சாமி மக்களுக்கு எந்த நாடும் இல்லை. எந்தப் பிரதமரும் அவர்களுக்காக மேசையைத் தட்டவில்லை. இருந்தும் ஒன்றியத்தின் முதன்மைச் சட்டத்தில் அவர்களின் பெயர் இருக்கிறது. நாடற்ற மக்களை ஒப்பந்தத்தில் எழுத முடியாது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

ஆகவே நான் கேட்பது இது. இனி எழுதப்படும் ஒவ்வோர் இணைவு ஒப்பந்தத்திலும் அந்நாட்டின் தேசியச் சிறுபான்மையினர் பற்றி ஒரு நெறிமுறை இருக்கட்டும். ககாவுஸ் தன்னாட்சி, ரோமா பிள்ளைகளின் பள்ளி, தெற்குச் சேர்பியாவின் பிரெஷேவோ பகுதி அல்பேனியரின் வசிப்பிடப் பதிவு, பொஸ்னியாவின் "மற்றவர்கள்" தேர்தலில் நிற்கும் உரிமை என்று பெயர் சொல்லி எழுதட்டும். அதை எழுதும் மேசையில் அந்த மக்களின் பேராளர்கள் அமரட்டும். இணையும் நாளில் அந்நாட்டில் நாடற்றவராக ஒருவரும் இருக்கக்கூடாது என்பது விலக்கில்லாத நிபந்தனையாகட்டும். உரிமையின் அளவுகோலை வெனிஸ் ஆணைக்குழுவும் ஐரோப்பிய கவுன்சிலின் ஆலோசனைக் குழுவும் சொல்லட்டும். பக்கத்து நாட்டின் தடுப்பு வாக்கு சொல்ல வேண்டாம்.

உள்ளே வந்த பிறகும் பாருங்கள். பல்கேரியா, ருமேனியா நாடுகளின் நீதித்துறையையும் ஊழலையும் 2007இலிருந்து 2023வரை நீங்கள் தனி ஏற்பாடு வைத்துக் கண்காணித்தீர்கள். ஊழலுக்குப் பதினாறு ஆண்டு காவல் வைக்க முடிந்த உங்களால் ஒரு பிள்ளையின் தாய்மொழிக்கு வைக்க முடியாதா? 2020 முதல் ஆண்டுதோறும் எல்லா உறுப்பு நாடுகளின் சட்ட ஆட்சி பற்றியும் அறிக்கை வெளியிடுகிறீர்கள். அதில் சிறுபான்மையினருக்கென்று ஓர் அத்தியாயத்தைச் சேருங்கள். கிரீஸையும் பல்கேரியாவையும் பிரான்ஸையும் சேர்த்தே எழுதுங்கள். அப்போதுதான் வாசலில் நிற்கிறவனை நிமிர்ந்து பார்த்துக் கேட்க முடியும்.

இதற்கு ஒன்றியத்துக்கு அதிகாரம் இல்லை என்று சொல்வீர்கள். பதினொரு இலட்சத்துக்கும் அதிகமான குடிமக்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த சிறுபான்மையினர் பாதுகாப்புக் கோரிக்கைக்கு 2021 ஜனவரியில் அப்படிப்பட்ட பதிலையே கொடுத்தீர்கள்: இருக்கும் சட்டங்கள் போதும், புதியது தேவையில்லை. அந்தக் கோரிக்கையை முன்னெடுத்த கூட்டமைப்பின் தலைமையகம் என் ஊரில்தான் இருக்கிறது. 2025இல் நீதிமன்றமும் ஆணையத்தின் பக்கமே நின்றது. உள்ளே இருக்கும் நாடுகளுக்குப் புதுச் சட்டம் இயற்றுவது கடினம் என்றே வைத்துக்கொள்வோம். இணைவு ஒப்பந்தம் அப்படியல்ல. அதை எல்லா உறுப்பு நாடுகளும் வருகிற நாடும் சேர்ந்து எழுதிக் கையெழுத்திடுகின்றன. அதில் எதையும் எழுதலாம். கலைமானை எழுதினீர்கள், நிலவுரிமையை எழுதினீர்கள்.

அடுத்த இணைவு ஒப்பந்தம் பெரும்பாலும் மொண்டெனேக்ரோவினுடையதாக இருக்கும். 2012இலிருந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஆறு இலட்சத்துச் சொச்சம் மக்கள், அல்பேனியர், பொஸ்னியாக், ரோமா எல்லோரும் உண்டு. சிறிய நாடு, பெரும் பகை இல்லை. முதல் நெறிமுறையை எழுதிப் பழக இதைவிட நல்ல இடம் கிடைக்காது. வரைவு உங்கள் மேசைக்கு வரும்போது அந்தப் பக்கம் அதில் இருக்கிறதா என்று பார்ப்பேன். எங்கள் மாநிலமான ஷ்லெஸ்விக்–ஹோல்ஷ்டைனிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு இந்த மடலின் ஜேர்மன் வடிவத்தை இந்த வாரமே அனுப்புகிறேன். இணைவு ஒப்பந்தத்துக்கு அவர்களின் ஒப்புதலும் வேண்டும்.

இப்படிக்கு,
ஃப்ளென்ஸ்பூர்க்கிலிருந்து ஓர் ஒன்றியக் குடிமகன்